காண்டாமிருகத்துக்கு முன்னால் ஒரு வரிசை

காண்டாமிருகத்தை நடந்துபோய்ப் பார்ப்பதற்கென்றே ஆபிரிக்காவில் ஒரு பூங்கா இருக்கிறதாம். துவக்கும் தோட்டாவுமாக ஓர் ஆள் முன்னால் போக, இன்னோர் ஆள் பின்னால் வர, நடுவில் நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு புல்லுக்குள்ளால் நடக்க வேண்டுமாம். போன கிழமை மகள் அந்தப் படத்தைக் காட்டி, "அப்பா, நாங்களும் போவமா?" என்று கேட்டாள். நான் ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றேன். வழிகாட்டி இல்லாமல், குடும்பத்தோடு வரிசையில் நின்று பார்த்தேன் என்றேன். எங்கே என்றாள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் என்றேன். அவள் தன் தாயைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதுதான். நான் உண்மை சொல்லும்போது மட்டும் இந்த வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்தோம். அந்த மாடியின் விலங்கியல் விஞ்ஞானி நான். பட்டத்தைக் கொடுத்தவனும் நானே. பள்ளிக்கூடத்தில் காண்டாமிருகத்தைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதி, ரீச்சர் அதைச் சுவரில் ஒட்டியதிலிருந்து எனக்குத் தலைகால் தெரியவில்லை. காண்டாமிருகத்துக்குக் கண்பார்வை குறைவு. மூக்கு வலு கூர்மை. புல்லைத் தவிர வேறொன்றும் தின்னாது. அதற்கு முன்னால் ஓடக் கூடாது. ஆடாமல் அசையாமல் நின்றால் மரம் என்று நினைத்து விட்டுவிடும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். யாரும் கேட்காமலே சாப்பாட்டு மேசையில் எடுத்துவிடுவேன்.

"உவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது, காண்டாமிருகத்தின்ரை மூக்கு மட்டும் தெரியும்" என்பார் அப்பா.

அந்தப் பனிக்காலத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. அவர் வருவதற்கு முதலே அவரைப் பற்றிய கதைகள் வந்துவிட்டன. ஊரில் ஒருமுறை தோட்டத்தில் காகம் கலைக்க நட்டிருந்த வைக்கோல் வெருளிக்குத் தன் காற்சட்டையும் சேட்டும் போட்டு, சைக்கிள் கரியரில் இருத்திக் கட்டிக்கொண்டு சந்தி வழியே போயிருக்கிறார். பின்னால் ஆள் ஏற்றுவது குற்றமாக இருந்த நேரம். பொலிஸ்காரர் மறித்திருக்கிறார். "ஐயா, என்னை விடுங்கோ, பின்னாலை இருக்கிறவரைக் கேளுங்கோ. அவர்தான் ஏத்திக்கொண்டு போகச் சொன்னவர்" என்றாராம் மாமா. அந்தப் பொலிஸ்காரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். இந்தக் கதையை அம்மா சொல்லத் தொடங்கினால் முடிக்க மாட்டார். பாதியில் சிரிப்பு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார்.

அப்படிப்பட்டவரைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போனபோது நான் முன்வரிசையில் நின்றேன். வந்தவர் என் தலையில் கையை வைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சோபாவின் ஒரு மூலையில் உட்கார்ந்தவர் கோடை வரும்வரைக்கும் எழும்பவில்லை என்று சொன்னால் அது கொஞ்சம்தான் மிகைப்படுத்தல். ஒரு பகிடி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. வெருளியை நேரே கூட்டிவந்து இருத்தியிருந்தால்கூட இதைவிட நாலு கதை கதைத்திருக்கும் என்று எனக்குப் பட்டது. லிஃப்ட் எங்கள் மாடியில் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் எழும்பி நிற்பார். கீழே தெருவில் சைரன் கேட்டால் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சென் ஜேம்ஸ் ரவுணில் சைரன் கேட்காத மணித்தியாலம் கிடையாது. ஆகவே மாமாவுக்கு வயிறு சரியில்லை என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

கொழும்பில் அவரைப் பல மாதங்கள் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பெரியவர்கள் தணிந்த குரலில் கதைத்ததைக் கேட்டிருக்கிறேன். அதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. என்னையும்தான் வகுப்பில் கதைத்ததற்காகப் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பிடித்து வைத்திருக்கிறார்கள். மாமா என்னைவிடக் கூடக் கதைக்கிறவர். அதனால் கூட நாள் பிடித்து வைத்திருப்பார்கள்.

ஒருநாள் குசினியில் அம்மா அப்பாவிடம் சொன்னார்: "இஞ்சேருங்கோ, அவனை எங்கையாவது வெளியிலை கூட்டிக்கொண்டு போவம். ஒருக்கா வாயைத் திறந்து ஒரு பகிடி விட்டானெண்டால் காணும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுவன்."

எங்கே போவது என்பதில் அப்பாவுக்குக் குழப்பம் இருந்தது. எனக்கு இருக்கவில்லை. நகரத்துக்கு வெளியே, வாகனத்தில் இருந்தபடியே மிருகங்களுக்கு நடுவால் ஓட்டிக்கொண்டு போகிற ஒரு பூங்கா இருந்தது. கூண்டு கிடையாது. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் தம்பாட்டில் திரியும், நாங்கள்தான் கண்ணாடிக்குள் இருப்போம். முக்கியமாக, அங்கே காண்டாமிருகம் இருந்தது. மாமாவின் பெயரைச் சொல்லி என் காரியத்தைச் சாதித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பழைய வான் வண்டியில் புறப்பட்டோம். அம்மா விடியவே எழும்பி இறைச்சி றோல்ஸ் பொரித்து, புட்டுக் கட்டி, முட்டை அவித்து, ஒரு படையணிக்குப் போதுமான சாப்பாட்டைப் பெரிய பையில் அடுக்கிக்கொண்டார். அப்பா ஓட்ட, அம்மா முன்னால் இருந்தார். நடு இருக்கையில் இழுத்துத் திறக்கிற கதவுப் பக்கம் மாமா, அவருக்குப் பக்கத்தில் நான். பின்னால் அக்கா. அக்காவுக்குப் பதினைந்து வயது. வீட்டுக்கு வருகிற ஆங்கிலம் எல்லாம் அவள் வாயால்தான் தமிழாகும்.

வாசலில் கொடுத்த தாளை அவள்தான் வாசித்தாள். "கண்ணாடி இறக்கக் கூடாது. கதவு திறக்கக் கூடாது. என்ன நடந்தாலும் இறங்கக் கூடாது. ஏதும் பிரச்சினையெண்டால் ஹோர்ன் அடிக்கட்டாம்."

"இந்த நாட்டிலை எல்லாத்துக்கும் ஒரு கூடாது" என்றார் அப்பா.

சிங்கங்கள் வந்தன. வந்தன என்றால், படுத்துக் கிடந்தன. ஒட்டகச்சிவிங்கி ஒன்று குனிந்து எங்கள் வானுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுபோலப் போனது. அம்மா மிருகங்களைப் பார்க்கவே இல்லை. முன்னால் தொங்கிய கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மாமாவின் முகத்தையே பார்த்தபடி வந்தார். "எனக்குப் பின்னாலை வாற கார் தெரியாதப்பா" என்று அப்பா முணுமுணுத்ததை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"தம்பி, அங்கை பார், குட்டியும் நிக்குது."

"ஓம் அக்கா."

அவ்வளவுதான் மாமா.

பிறகு ஒரு வளைவு திரும்பினோம். அங்கே அவை நின்றன. மூன்று காண்டாமிருகங்கள். இரண்டு புல்லில் படுத்திருந்தன. மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, தெருவோரத்தில் எங்களுக்கு நேரே நின்றது. என் கட்டுரையில் இருந்த படம் உள்ளங்கை அளவு. இது எங்கள் வானைவிடச் சற்றுச் சிறிதாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் விளக்கவுரையைத் தொடங்கினேன். "மாமா, உதுக்குக் கண் தெரியாது. நாங்கள் பக்கத்திலை போய் நிண்டாலும்..."

அந்த நேரத்தில்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஜீப் வந்தது. பச்சை ஜீப். அதிலிருந்து பூங்காக்காரர் ஒருவர் இறங்கினார். பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, முழங்கால்வரைக்கும் சப்பாத்து. அவருக்குப் பின்னால், ஜீப்புக்குள் நிமிர்த்தி வைத்த நீளத் துவக்கு ஒன்று தெரிந்தது. மிருகத்துக்கு மயக்க ஊசி போடுகிற துவக்கு என்று பிறகு அக்கா சொன்னாள். பெரிய காண்டாமிருகம் தெருவைக் கடக்கப் போகிறது, அதற்கு இடம் விடச் சொல்லி, அவர் எங்கள் வானைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார்.

இதை இப்போதுள்ள பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் நாட்டில், சீருடை போட்ட ஒருவர் உள்ளங்கையை உயர்த்தினால் வாகனம் நிற்கும். நின்றவுடன் எல்லோரும் இறங்க வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். பையின் வாய் திறந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவர் எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும். பிறகு நடந்து தடையைத் தாண்டி, அந்தப் பக்கத்தில் வாகனத்தில் திரும்ப ஏறிக்கொள்ளலாம், விட்டால். இதில் யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. தும்மலைப்போல, உடம்பு தானாகவே செய்துவிடும்.

எங்கள் வானிலும் செய்தது.

முதலில் மாமா. கதவை இழுத்துத் திறந்த சத்தம்தான் எனக்குக் கேட்டது. அவர் ஏற்கெனவே வெளியே நின்றார். சேட்டுப் பையிலிருந்து, ஒருநாளும் தன்னைவிட்டுப் பிரியாத அகதிப் பத்திரத்தை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஜீப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. குனிந்த தலை. அடுத்தது அப்பா. எஞ்சினை நிறுத்தி, சாவியை முன்தட்டில் வைத்து, இறங்கி, இரண்டு கையும் தெரிய வானுக்குப் பக்கத்தில் நின்றார். கனடாவின் கூடாதுகளை எல்லாம் சற்று முன்னர் பகிடி பண்ணிய அதே அப்பா. அம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துச் சிப்பைத் திறந்து, மறு கையால் என்னைப் பிடித்து இறக்கி, சற்றுத் தள்ளித் தனி வரிசையில் நின்றார். பையின் வாயை அகலமாக விரித்துப் பிடித்துக் காட்டினார். உள்ளே றோல்ஸ்.

"இறங்காதேங்கோ! அம்மா! உள்ளை ஏறுங்கோ!" என்று கத்திக்கொண்டு அக்கா பின்னால் இறங்கி ஓடிவந்தாள். ஆக, பூங்காவின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு முழுக் குடும்பமும் காண்டாமிருகத்துக்கு முன்னால் ஒழுங்காக வரிசை கட்டி நின்றது. எங்களுக்குப் பின்னால் நின்ற காரில் இருந்தவர்கள் காண்டாமிருகத்தை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்தார்கள்.

இனி விஞ்ஞானியின் வீரத்தைச் சொல்ல வேண்டும்.

ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும் என்று நூறு பேருக்குப் படிப்பித்தவன் நான். என் முழங்கால்கள் அந்தக் கட்டுரையை வாசித்திருக்கவில்லை. அம்மாவின் சால்வைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். அப்போதுதான் றோல்ஸ் வாசம் வந்தது. காண்டாமிருகத்துக்கு மூக்கு வலு கூர்மை என்பது ஞாபகம் வந்தது. அது புல்லைத் தவிர ஒன்றும் தின்னாது என்பது மட்டும் வரவில்லை. இறைச்சி றோல்ஸ் பையோடு நிற்கிற ஒரு தாயிடம் அடைக்கலம் புகுவதைவிட முட்டாள்தனம் உலகத்தில் இல்லை என்று தீர்மானித்தேன். பெற்ற தாயை அங்கேயே விட்டுவிட்டு, முன்னால் ஓடக் கூடாத மிருகத்துக்கு முன்னால் ஓடி, வானுக்குள் பாய்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, நாலு பக்கமும் பூட்டுகளை அமத்தி, நடு இருக்கைக்குக் கீழே புகுந்துகொண்டேன். சாவி உள்ளே. நானும் உள்ளே. குடும்பமும் காண்டாமிருகமும் வெளியே.

ஜீப்பின் ஒலிபெருக்கி அதிர்ந்தது. ஜீப்பில் இருந்த இன்னொருவர், "உள்ளே ஏறுங்கள், உள்ளே ஏறுங்கள்" என்று ஆங்கிலத்தில் அலறினார். ஊரில் ஒலிபெருக்கி அலறினால் யாரும் உள்ளே போவதில்லை, எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் இன்னும் நிமிர்ந்து நின்றார்கள். அக்கா கண்ணாடியில் அடித்தாள்.

"டேய், கதவைத் திறவடா!"

"ஏலாது! அது உள்ளை வந்திடும்!"

"விசரா, அதுக்குக் கதவு திறக்கத் தெரியாது. எனக்குத் தெரியும், வந்தனெண்டால் உன்னைக் கொல்லுவன்!"

அக்காவா காண்டாமிருகமா என்று யோசித்தேன். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. திறக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் கண்ணாடிக்கு உயர்த்திப் பார்த்தேன்.

மாமா காண்டாமிருகத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். கோயில் வீதியில் நிற்கிற மாட்டைத் தாண்டுகிற மாதிரி. அது தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. மூச்சு விட்டால் அவர் சேட்டு ஆடியிருக்கும், அவ்வளவு கிட்ட. மாமா அதன் பக்கம் திரும்பவே இல்லை. கண் முழுக்க ஜீப்பில் இருந்தது. உயர்த்திய கை இறங்கவே இல்லை. எங்கள் சோபா மூலையில் இத்தனை நாளும் இருந்தவர் இப்படிப்பட்ட வீரரா!

பூங்காக்காரர் மாமாவுக்கும் மிருகத்துக்கும் நடுவில் பாய்ந்து வந்து நின்றார். பத்திரத்தை அவர் பார்க்கவில்லை. மாமாவைக் காப்பாற்றுகிற அவசரத்தில் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, உள்ளே ஏறச் சொல்லித் தோளைப் பிடித்தார்.

காண்டாமிருகத்துக்கு முன்னால் ஆடாத கால்கள், அந்தத் திறந்த கதவைக் கண்டதும் மடிந்துபோயின. மாமா தெருவில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தும் பத்திரத்தைப் பிடித்த கை மேலேதான் இருந்தது.

அம்மா பையைப் போட்டுவிட்டு ஓடினார். பெரியதுக்கு முன்னாலேயே ஓடினார். என் கட்டுரையின் ஒரு வரியையும் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் மதிக்கவில்லை. போய்த் தம்பியின் பக்கத்தில் தெருவில் குந்தி, தோளை அணைத்துக்கொண்டார்.

"தம்பி, எழும்படா. இது கனடா. இவன் ஆமிக்காரன் இல்லை. மிருகங்களைப் பாக்கிற ஆளடா, மிருகங்களைப் பாக்கிற ஆள்."

மாமா எழும்பவில்லை. பூங்காக்காரர் திறந்த கதவையே திரும்பத் திரும்பக் காட்டினார். அப்போது அக்கா கண்ணாடியில் அடிப்பதை விட்டாள். வானுக்குப் பக்கத்தில் நின்றபடி, அவள் வயதுக்குப் பொருந்தாத ஒரு குரலில் ஆங்கிலத்தில் கத்தினாள்: "தயவுசெய்து அந்தப் பத்திரத்தைப் பாருங்கள்! பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், அது போதும்!"

அந்த மனிதருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. தொப்பியைக் கழற்றினார். ஜீப்பின் கதவைச் சாத்தினார். மாமாவின் கையிலிருந்து பத்திரத்தை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, உண்மையிலேயே வாசிக்கிற மாதிரி வாசித்தார். பக்கத்தில் அவ்வளவு பெரிய மிருகம் நிற்க, அவர் அவசரப்படவில்லை. பிறகு அதை மடித்து மாமாவின் கையிலே வைத்து, "ஓகே சேர். நீங்கள் போகலாம்" என்றார்.

மாமா எழும்பினார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த அதே நடையில் திரும்பி நடந்தார்.

இவ்வளவு நேரமும் காண்டாமிருகம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். நின்ற நிலையிலேயே நீண்ட நேரம் மூத்திரம் பெய்தது. பிறகு தெருவைக் கடக்கிற எண்ணத்தையே கைவிட்டு, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட சனங்களுக்கு நடுவில் தெருவுக்கு வருவது தனக்குச் சரிவராது என்று நினைத்திருக்கும்.

அப்பா வந்து கண்ணாடியில் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டுக்கு நான் திறந்தேன். அக்கா ஏறும்போது என் காதைத் திருகியது இன்றைக்கும் மழை வருவதற்கு முதல் நோகும். ஜீப் முன்னால் போக, நாங்கள் பின்னால் போக, வாசல்வரைக்கும் எங்களைக் கூட்டிவந்து விட்டார்கள். பொலிஸைக் கூப்பிடவில்லை. ஏசவும் இல்லை. பூங்காக்காரர் எங்களுக்குக் கை காட்டினார். இந்தமுறை உள்ளங்கையை உயர்த்தாமல், விரல்களை மட்டும் ஆட்டி.

வாகனம் நிறுத்துகிற இடத்தில், மரத்துக்குக் கீழே இருந்த மேசையில் சாப்பிட உட்கார்ந்தோம். றோல்ஸ் சற்று நசிந்திருந்தது. அக்கா தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா முட்டையை உரித்து உரித்து மற்றவர்களின் கோப்பைகளில் வைத்துக்கொண்டிருந்தார். தனக்கு ஒன்றும் எடுக்கவில்லை. எனக்கு இந்த மௌனம் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வீரர் இருக்கிறார். அவர் காண்டாமிருகத்துக்கு ஒரு முழத்துக்குள்ளால் நடந்துபோய்த் திரும்பியிருக்கிறார். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் என் கட்டுரை ஒட்டிய சுவரே விழுந்துவிடும். இதைக் கொண்டாடாமல் புட்டை அளைந்துகொண்டிருக்கிறார்களே!

"மாமா, காண்டாமிருகத்துக்குக் கிட்டப் போகேக்கை உங்களுக்குப் பயமாய் இருக்கேல்லையா?"

மாமா றோல்ஸைக் கோப்பையில் வைத்தார். என்னைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து என் முகத்தை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எந்தக் காண்டாமிருகம்?" என்றார்.

ஒரு கணம்தான். பிறகு எனக்குச் சிரிப்பு வெடித்தது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் எப்படிச் சொன்னார்! வெருளியைக் காட்டிப் பொலிஸ்காரருக்குச் சொன்னபோதும் முகத்தை இப்படித்தான் வைத்திருந்திருப்பார். புட்டு மூக்கால் ஏறி, இருமி, கண்ணால் தண்ணீர் வந்து, மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். எந்தக் காண்டாமிருகமாம்! அந்த வருடம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தேன்.

தலையை நிமிர்த்தியபோது வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவர்களுக்குப் பகிடி விளங்க நேரம் எடுக்கும் என்று நினைத்தேன். அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டி, இத்தனை மாதமாக அவர் காத்திருந்த நல்ல செய்தியை நானே முதலில் சொன்னேன்.

"அம்மா, மாமா பகிடி விட்டிட்டார். பழைய மாதிரி வந்திட்டார், பாத்தீங்களா?"

"ஓமடா அப்பு, வந்திட்டான். நீ சாப்பிடு."

சொல்லிவிட்டு அம்மா தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வானுக்குப் பின்பக்கம் போனார். போத்தல் நிரம்பித்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயும் அந்தப் பக்கத்தில் இல்லை. போய் வெகுநேரமாகியும் வரவில்லையே என்று நான் எழும்பப் பார்த்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள். எதற்கு மிதிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.